பின் சீட்டுக்குச் சத்தம் ஆகாது

காலிக் காருக்குள் யாரோ உட்கார்ந்திருப்பதாக லேப்டாப் சொன்னது.

வாயைத் திறந்து சொல்லவில்லை, கோடு போட்டுக் காட்டியது. காரில் புது ஸ்டீரியோ பொருத்தி முடித்ததும், ஓட்டுகிறவரின் தலை வரும் இடத்தில் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு மைக்கைக் கட்டித் தொங்கவிட்டு, கதவுகளை இறுகச் சாத்திவிட்டு, வெளியே நின்றபடி ஸ்பீக்கர்களில் அருவி கொட்டுவது போன்ற ஓர் இரைச்சலை ஓடவிட வேண்டும். மைக் கேட்டதை லேப்டாப் ஒரு கோடாக வரையும். சத்தத்தைப் பொறுத்தவரை மனித உடம்பு ஒரு பஞ்சு மூட்டை; கீச்சென்ற மேல் சத்தங்களை எல்லாம் விழுங்கி ஏப்பம் விட்டுவிடும். உள்ளே ஆள் இருந்தால் கோட்டின் நுனி தொய்ந்து விழும். இல்லாவிட்டால் விறைப்பாக நிற்கும். ஊரே டியூனர் என்று கூப்பிடும் அந்தப் பட்டறைக்காரர், கோட்டைப் பார்த்தே உள்ளே இருப்பவர் ஒல்லியா குண்டா என்று சொல்லக்கூடியவர். ஒருமுறை ஒரு குடும்பம் மாமியாரைப் பின் சீட்டில் தூங்கவிட்டு, வண்டியைப் பட்டறையில் ஒப்படைத்துவிட்டு, நிம்மதியாகப் போயே போய்விட்டது. அந்த அம்மாளைக் கண்டுபிடித்துக் கொடுத்தது இந்தக் கோடுதான். குடும்பம் அதற்காக நன்றி சொன்னதாகத் தகவல் இல்லை.

இப்போது நுனி தொய்ந்திருந்தது. ஓர் ஆள் அளவுக்கு. கனமான ஆள்.

டியூனர் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அது சின்னஞ்சிறு பழைய கார். இரண்டே கதவுகள், உருண்டை முதுகு, தவளைக் கண்போல் இரண்டு விளக்குகள். பட்டறையில் அதற்கு ஆமைக்குஞ்சு என்று பெயர் வைத்திருந்தார்கள். அதன் உரிமையாளரான பல் டாக்டர் அதிலிருந்து இறங்குவது, குழாயைப் பிதுக்கிப் பற்பசையை வெளியே எடுப்பதுபோல் இருக்கும். பின் சீட்டுக்குப் போவதென்றால் முன் சீட்டை மடக்கி, உடம்பையும் நாலாக மடக்கி, குலதெய்வத்தை வேண்டிக்கொண்டுதான் நுழைய வேண்டும். யாருக்கும் தெரியாமல் ஒருவர் அதில் ஏறி உட்காருவது நடக்காத காரியம்.

மறுபடி அளந்தார். அதே தொய்வு. மைக்கை மாற்றினார், ஒயரை மாற்றினார். அதே தொய்வு. நாப்தலின் உருண்டையும் பழைய கம்பளியும் கலந்த ஒரு வாசனை கதவிடுக்கிலிருந்து மெல்லிசாக வந்தது. பழைய வண்டி என்றால் பழைய வாசனை வரத்தானே செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை.

வண்டியைக் கொண்டுவந்தபோது பல் டாக்டர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"டியூனர் சார், என்ன வேணா பண்ணுங்க. தகரத்துல மட்டும் ஒரு ஓட்டைகூட புதுசா போடக் கூடாது. பெரியப்பா வண்டி. அவரு இருந்த வரைக்கும் தொட விடலை."

"ரேடியோ வைக்கிற இடத்துல தகடு வச்சு வெல்டு அடிச்சிருக்கே சார்? அதுவும் உள்பக்கமா இருந்து?"

"அதுவா! பெரியப்பாவுக்குச் சத்தம் ஆகாது. ஹார்ன் ஒயரையே வெட்டிட்டாரு. அவரு எப்பவும் பின்னாடிதான் உக்காருவாரு, டிரைவர் இருமினாக்கூட அவ்வளவுதான். சின்ன வயசுல நாங்க இதுல ஏறினா வாயத் திறக்கவே மாட்டோம்." டாக்டர் சிரித்தார். பிறர் வாயைத் திறக்கவைத்தே பிழைக்கிறவர் அதைச் சொன்னபோது வேடிக்கையாகத்தான் இருந்தது. "அவருதான் போய்ச் சேந்துட்டாரே. இனிமே நான் பாட்டு கேட்டுக்கிட்டே போகணும் சார். பல்லெல்லாம் அதிரணும்!"

டியூனர் அப்படியே செய்துகொடுத்தார். ஓட்டை போடாமல், மரச்சட்டம் அடித்து, கதவுகளின் அடியில் இரண்டு ஸ்பீக்கர், கண்ணாடியோரம் பொத்தான் அளவில் இரண்டு, ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப், டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒளித்துவைத்த பிளேயர். அதற்கும் முன்னால் முக்கியமான வேலை ஒன்று உண்டு. தகரம் அதிராமல் இருக்கக் கதவிலும் கூரையிலும் தரையிலும் தார்போன்ற கனத்த ஷீட்டுகளைச் சூடுகாட்டி, உருளையால் தேய்த்துத் தேய்த்து ஒட்டவேண்டும். ஒவ்வொரு ஷீட் ஒட்டும்போதும் வண்டி இன்னும் கொஞ்சம் அமைதியாகும். முன்பெல்லாம் தகர டப்பாபோல் சாத்திக்கொண்ட கதவு, கடைசி ஷீட் ஒட்டியபின் தலையணை தரையில் விழுவதுபோல் சாத்திக்கொண்டது.

அமைதி. அதை அவர்தான் தன் கையால் ஒட்டிவைத்தார்.

"மாமா, இங்க வாங்களேன்." பக்கத்துக் கடையில் சீட் தைக்கும் மச்சான், மனைவியின் தம்பி, காருக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு கூப்பிட்டான். "பின் சீட்டு ஸ்பாஞ்ச் முந்தாநாள்தான் புதுசா போட்டேன். இந்தப் பக்கம் குழி விழுந்து கெடக்கு பாருங்க."

இடப்பக்க மூலையில், புதுத் துணியில், ஆழமான பள்ளம். மச்சான் அதைத் தட்டிவிட்டான். ஸ்பாஞ்ச் நிமிர்ந்தது. கையை எடுத்ததும் மெதுவாக மறுபடி அமுங்கியது.

"யாரு மாமா, நல்ல வாட்டசாட்டமான ஆளா வந்து உக்காந்துட்டுப் போயிருக்கு? அக்காவா?"

"அவ காதுல விழுந்தா உன்னைத் தச்சுப்புடுவா."

"அவ காதுல விழுந்தா என்ன, உங்க காதுல விழுந்தா சரி." அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். டியூனருக்குச் சுருக்கென்றது.

ஏனென்றால் அவருடைய இடது காது செத்துப்போயிருந்தது. ஒரு காய்ச்சலில் போனது, திரும்பவில்லை. ஒலியை வைத்துப் பிழைக்கிறவருக்கு ஒரு காது இல்லை என்று வெளியே தெரிந்தால் பட்டறைக்குப் பூட்டுத்தான். அதனால் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. இடதுபக்க ஸ்பீக்கரைச் சரிபார்க்க வேண்டுமானால் தலையை நாரைபோல் முழுவதுமாகத் திருப்பிக்கொள்வார். பார்க்கிறவர்கள், மனிதர் இசையில் லயித்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மச்சான் போனபிறகு அவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, கதவைச் சாத்தினார். இருக்கை வலப்பக்கம், நல்ல காது ஜன்னலோரம், செத்த காது காரின் உட்பக்கம். ஒரு வயலின் இசைத்தட்டைப் போட்டார். அற்புதமாக இருந்தது, வில்லில் பூசிய பிசின்கூட உதிரும் சத்தம் கேட்டது. அரை நிமிடம் கேட்டுவிட்டு நிறுத்தினார்.

அப்போதுதான் அது கேட்டது.

உஸ்ஸ்.

இரைச்சல் என்பது இந்தத் தொழிலின் மூட்டைப்பூச்சி. எர்த் ஒயர் தளர்ந்தால் வரும், ஆம்ப் சூடானால் வரும், ஒன்றுமில்லாவிட்டாலும் வரும். டியூனர் கை பழக்கத்தில் கீழே குனிந்து ஆம்பின் ஒயரைத் தொட்டார். தொட்டபடியே அசையாமல் இருந்துவிட்டார்.

இடது காதில் கேட்டது.

செத்த காதில். மெல்லிசாக, ஈரமாக, மிக அருகில். அவர் வலது காதை விரலால் அடைத்துப் பார்த்தார். உலகம் அணைந்தது. உஸ்ஸ் மட்டும் இருந்தது.

பயப்படவேண்டிய இடம் அதுதான். வேறு யாராக இருந்தாலும் கதவை உடைத்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். டியூனருக்கோ கண்ணீர் வந்துவிட்டது. காது திரும்பிவிட்டது! நரம்பு ஏதோ விழித்துக்கொண்டுவிட்டது! அவர் ஆம்பின் ஒயரைப் பிடுங்கினார்; சத்தம் நிற்கவில்லை. பேட்டரியையே கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார், சத்தம் நிற்கவில்லை. மின்சாரமே இல்லாத வண்டியில் ஸ்பீக்கர் எப்படி இரையும் என்று இவ்வளவு காலத் தொழில் அறிவு அவரைத் தோளில் தட்டித் தட்டிக் கேட்டது. அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஒயரையும் பேட்டரியையும் திரும்ப மாட்டிவிட்டு, மாலைவரை அந்தக் காருக்குள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார், புதுப் பொம்மை கிடைத்த குழந்தை மாதிரி. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பாட்டுப் போடுவார். நிறுத்துவார். உடனே அது வரும். ஒவ்வொரு தடவையும் இன்னும் தெளிவாக.

கடைசித் தடவை அதற்குள் ஒரு மூச்சு இருந்ததைக் கவனித்தார். உஸ்ஸ் என்று இழுத்து, முடிந்ததும், மூக்கால் உள்ளே வாங்கும் ஒரு மூச்சு.

ஸ்பீக்கருக்கு மூக்கு கிடையாது.

அன்று இரவு அவர் நன்றாகத் தூங்கினார் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

மறுநாள் காலையிலிருந்தே மழை. பட்டறையின் தகரக் கூரையில் மழை விழுந்தால் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பாத்திரம் தேய்ப்பதுபோல் இருக்கும். பக்கத்தில் நிற்பவரிடம் பேச மனு எழுதிக் கொடுக்கவேண்டும். டியூனர் ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே நின்றார். மழை பெய்வது தெரிந்தது. கூரை ஓரமாக நீர் கயிறு கயிறாக இறங்கியது. சத்தம் மட்டும் எங்கோ மூன்று தெரு தள்ளி, போர்வைக்கடியில் பெய்வதுபோல் இருந்தது.

மழை குறைவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கூரை நீருக்கு வைத்திருந்த வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

மதியம் மனைவி சாப்பாட்டுக் கேரியரோடு வந்தாள். அவளுடைய குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் சமையலறையில் தும்மினால் தெருவில் நிற்கும் வண்டிகளின் அலாரம் எல்லாம் அடிக்கும். கல்யாணத்தன்று மைக் கெட்டுப்போக, அவள்தான் எழுந்து நின்று பந்திக்கு அழைத்தாள். பக்கத்து மண்டபத்துக் கூட்டமும் சேர்ந்து வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது. தூக்கத்திலும் பேசுவாள். பல் டாக்டர் அவளுக்குப் பல் பிடுங்கியபோதுகூட, பஞ்சு வைத்த வாயோடு அவருக்கு வீட்டு வைத்தியம் சொல்லிக்கொடுத்தவள்.

அவள் உதடுகள் அசைந்தன. ஏதோ கிசுகிசுத்தாள்.

"என்ன ரகசியம் பேசற?" என்றார் டியூனர்.

அவள் கேரியரைக் கீழே வைத்துவிட்டு அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு வலப்பக்கமாக வந்து, காதோடு வாயை வைத்தாள். அப்போதுகூடக் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஏங்க, நான் கத்திக்கிட்டிருக்கேங்க."

அவர் வழிந்துகொண்டிருந்த வாளியைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்தக் காதும் போகுதா?"

"இந்தக் காதுமா? உனக்கு எப்படி..."

"நான் ஏன் எப்பவும் உங்க வலது பக்கமாவே நடக்கறேன்னு நெனச்சீங்க? வெயிலுக்கா? கட்டில்ல பக்கம் மாத்திப் படுத்தேனே, ஃபேன் காத்துக்கா?" அவள் அவருடைய வலது காதைக் கையால் பொத்தினாள், குளிரில் இருப்பவருக்குப் போர்த்துவதுபோல. "சொல்ல மாட்டேங்கறீங்களேன்னு நானும் சொல்லலை. எல்லாத்தையும் விட்டுட்டு வாங்க, டாக்டரைப் பாப்போம்."

"பல் டாக்டரையா?"

"உங்க கிண்டலுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்லை. நான் குடை எடுத்துட்டு வரேன். அதுக்குள்ள பூட்டிட்டு நில்லுங்க."

அவள் போனாள். போகும்போதும் பேசிக்கொண்டே போனாள். தோள்கள் ஆடுவதிலிருந்து தெரிந்தது. டியூனருக்குக் கணக்கு மெதுவாகப் புரிந்தது. நேற்று அந்தக் காருக்குள் இடது காதுக்கு வந்ததெல்லாம் சும்மா வரவில்லை. அது ஒரு காதில் ஏறிக்கொண்டிருந்தபோது இன்னொரு காதிலிருந்து மழை போயிருந்தது. தெரு போயிருந்தது. இப்போது இவள் போய்க்கொண்டிருந்தாள்.

அந்த ஸ்டீரியோ அந்தக் காரில் இருக்கக் கூடாது. அதைப் பிடுங்கி எடுத்துவிட்டால், வண்டியைப் பழையபடி ஆக்கிவிட்டால், ஒருவேளை. ஒருவேளை மிச்சமிருப்பதாவது நிற்கும். சாயங்காலம் வண்டியை எடுக்க வரும் டாக்டரிடம் ஏதாவது பொய் சொல்லிக்கொள்ளலாம். அவருடைய பல் அதிராவிட்டால் குடி முழுகிவிடாது.

ஆம்ப் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில். ஏறி உட்கார்ந்து, கால்களுக்கிடையே குனிந்தால்தான் திருகாணிக்குக் கை எட்டும். வெளியே நின்று எட்டிப் பார்த்தார். எட்டாது. அவரேதான் அப்படிப் பொருத்தியிருந்தார், கண்ணுக்குத் தெரியாமல், கச்சிதமாக.

முதலில் பேட்டரியைக் கழற்றினார். கதவைத் திறந்தே வைத்தார். வலது காலை வெளியே, தரையில் ஊன்றிக்கொண்டார். பின் சீட்டைப் பார்க்கவில்லை. நாப்தலின் வாசனை இப்போது வாசனையாக இல்லை, நாக்கில் ருசியாகவே இருந்தது. அதற்குப் பின்னால் வேறொன்று, நாள்பட்ட மருந்துப் புட்டியைத் திறந்ததுபோல் இனிப்பாக. குனிந்தார். முதல் திருகாணி. இரண்டாவது. மூன்றாவது துருப்பிடித்ததுபோல் இறுகிக் கிடந்தது. நேற்றுத்தான் போட்ட புதுத் திருகாணி. பலம் வேண்டியிருந்தது. காலை உள்ளே இழுத்து ஊன்றி, ஒரு திருப்புத் திருப்பினார்.

நிமிர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது.

சத்தமே வரவில்லை. தலையணை விழும் சத்தம்கூட.

கைப்பிடியை இழுத்தார். வரவில்லை. தோளால் இடித்தார். இடித்தது தோளுக்குத் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை. "ஏய்" என்று கத்தினார். தொண்டை அதிர்ந்தது. ஒன்றும் கேட்கவில்லை. தன் குரல் கேட்கவில்லை. மழை இல்லை. மூச்சு இல்லை. தலைக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன ரீங்காரம்கூட நின்றிருந்தது.

வலது காதைக் கையால் அடித்தார். மறுபடி அடித்தார்.

ஒன்றும் இல்லை.

பிளேயர் கண்ணில் பட்டது. டேஷ்போர்டு பெட்டிக்குள் பச்சை விளக்கு எரிந்தது. பேட்டரியைக் கழற்றியவர் அவர்தான். அது எப்படி எரிகிறது என்று யோசிக்கவில்லை. யோசிக்க மனம் இல்லை. ஒரு சத்தம் வேண்டும். எந்தச் சத்தமாவது. வயலின் தட்டை ஓடவிட்டு, வால்யூமை முழுவதும் திருப்பினார்.

ஓடியது. நன்றாகவே ஓடியது. கதவுப் பலகை துடித்தது. இருக்கை முதுகில் குத்தியது. பல் அதிர்ந்தது, டாக்டர் கேட்டபடியே. நெஞ்சுக்கூடு முழுவதும் வயலின். காதில் மட்டும் எதுவுமில்லை.

அப்புறம் இடது காதில்.

உஸ்ஸ்.

கோபமாக.

மூக்கால் வாங்கும் மூச்சு. காது மடலில் ஈரம்.

திரும்பக் கூடாது. திரும்பக் கூடாது. கண்ணை மேலே தூக்கினார், அவ்வளவுதான். மேலே கண்ணாடி. பின்பக்கம் பார்க்கும் சின்னக் கண்ணாடி. அதுவும் அதிர்ந்துகொண்டிருந்தது, அதற்குள் தெரிந்த எல்லாமே அதிர்ந்தது. பின் கண்ணாடி. கூரைத் துணி. சீட்டின் தையல். எல்லாம் நடுங்கி, கோடு கோடாகக் கலைந்து தெரிந்தது.

இடப்பக்க மூலையில் ஒன்று மட்டும் நடுங்கவில்லை.

வெளுப்பாக. அகலமாக. அசையாமல்.

டியூனர் கண்ணை மூடிக்கொண்டார்.

வலப்பக்கத்தில் ஏதோ நகர்ந்தது தெரிந்து திறந்தார். ஜன்னலுக்கு வெளியே மனைவி. கையில் குடை. அவள்தான். நல்ல காதின் பக்கம்தான் வந்து நின்றாள், எப்போதும்போல. வாயை அகலத் திறந்து கத்திக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. குடைக் காம்பால் கண்ணாடியை அடித்தாள். மறுபடி அடித்தாள். கண்ணாடியில் விரிசல் விழுந்தது, உடையவில்லை. ஏங்க. ஏங்க. உதட்டில் அதை அவரால் படிக்க முடிந்தது. அவர் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். அவளும் வைத்தாள். உடைத்துவிடுவாள். அவள் உடைத்துவிடுவாள். ஊரையே கூட்டிவிடுவாள் அவள்.

அவள் பார்வை அவர் முகத்திலிருந்து விலகியது.

அவர் தோளைத் தாண்டிப் போனது. அங்கேயே நின்றது.

குடை கீழே விழுந்தது. அவள் வாய் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டது. டியூனர் கண்ணாடியை அறைந்தார், இங்கே பார், என்னைப் பார். அவள் பார்க்கவில்லை. சின்ன வயதில் அந்த வண்டியில் ஏறிய பிள்ளைகள்போல் கைகளை ஒடுக்கிக்கொண்டு, முதுகை நேராக்கி, பட்டறை நடுவில் நின்றாள்.

பிறகு, தூக்கத்தில்கூட வாய் ஓயாதவள், பின் சீட்டைப் பார்த்தபடியே பணிவாகத் தலையாட்டிவிட்டு, ஆள்காட்டி விரலை மெதுவாகத் தூக்கித் தன் உதட்டின்மேல் வைத்துக்கொண்டாள்.